பேட்டரி போகவில்லை, மூச்சுத்தான் அடைத்திருந்தது

போன அக்னி நட்சத்திரத்தில் நடந்தது. ஆச்சியை அழைத்துக்கொண்டு பிள்ளையார்பட்டி, குன்றக்குடி பார்த்துவிட்டு கானாடுகாத்தானுக்குத் திரும்பும் வழியில் பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் என் ஹைபிரிட் காரின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, பின்னால் மிக்ஸி ஓடுவதுபோல ஒரு விசிறி இரைந்தது, இழுவையும் குறைந்துபோனது. சர்வீஸ் சென்டரில் எதையும் கழற்றிப் பார்க்காமலே 'பேட்டரி போச்சு, முழு பேக்கையும் மாத்தணும்' என்று சொல்லிவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

எங்கள் தெருவில் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். 1948ல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மின்வேதியியல் ஆய்வகம் அது, பேட்டரி அவர்களுக்கு அன்றாட வேலை. அவர் முதலில் கேட்டதே, "பின் சீட்டுல என்ன வச்சிருந்தீங்க தம்பி?" என்றுதான்.

பலகாரத் தூக்குகள், அதன்மேல் ஜமுக்காளம். கல்யாண வேலையில் ஒரு வாரமாக அப்படியே கிடந்தது. அதற்கு அடியில்தான் பேட்டரிக்குக் காற்றுப் போகும் துவாரம் இருக்கிறது. மூடியைத் திறந்தால் பில்டர் முழுக்க நம்மூர்ச் செம்மண் தூசி!

என் காரில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை பேட்டரி. ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட்தான், 168 செல்லை வரிசையாகக் கோர்த்தால்தான் 200 வோல்ட்டைத் தொடும், அதில் சில செல்கள் சூட்டில் சோர்ந்தாலே பேக் முழுவதும் படுத்துவிடும் என்றார் அண்ணன். பிரேக் போடும்போதெல்லாம் சார்ஜ் ஏறுகிறது, ஏறும்போது சூடாகிறது, நிரம்ப நிரம்ப இன்னும் சூடாகிறது. அதனால்தான் கார் அதை முழுக்க நிரம்பவும் விடுவதில்லை, அடியோடு வடியவும் விடுவதில்லை. அந்தச் சூட்டை ஆற்ற இருப்பது நாம் உட்கார்ந்திருக்கும் இடத்து ஏசி காற்று மட்டும்தான், அதைத்தான் நான் ஜமுக்காளம் போட்டு மூடியிருந்தேன். லித்தியம் செல் 3.6 வோல்ட் அளவுக்குத் தரும், எடையும் குறைவு, ஆனால் சூடு அதற்கும் ஆகாது.

பில்டரைச் சுத்தம் செய்து, வேறொரு ஒர்க்‌ஷாப்பில் செல்களை அளந்து பார்த்து, காரில் பதிவாகியிருந்த பிழைக் குறியீட்டை (எரர் கோட்) அழித்தோம். அதற்குப் பிறகு விளக்கு எரியவில்லை. பில்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆரஞ்சு நிற வயர் பக்கம் கை போகவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஹைபிரிட் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு எத்தனை கிலோமீட்டரில் பில்டர் அடைத்தது?