பசுமைக் கட்டடம்: வெப்ப வசதிக் கருத்துக்கணிப்பு யார் தலையில்?

கேள்வி: பராமரிப்பு மேலாளர், ஓஎம்ஆர், சென்னை

வணக்கம். எங்கள் ஐடி கட்டடம் லீட் 2009 (LEED என்ற பசுமைக் கட்டடத் தரமுறையின் 2009 பதிப்பு) சான்றிதழ் பெற்றது. ஆட்கள் வந்து 14 மாதம் ஆகிறது. பழைய ஃபைலைப் புரட்டியபோது ஒரு கடிதம் கண்ணில் பட்டது. ஆட்கள் வந்த 6 முதல் 18 மாதத்துக்குள் வெப்ப வசதி (உள்ளே சூடும் குளிரும் இதமாக இருக்கிறதா என்பது) குறித்து ஊழியர்களிடம் கருத்துக் கேட்போம், 20 சதவீதத்துக்கு மேல் அதிருப்தி என்றால் சரிசெய்வோம் என்று உரிமையாளர் கையெழுத்திட்டிருக்கிறார். ஆலோசகர் சான்றிதழோடு தன் வேலை முடிந்தது என்கிறார். உரிமையாளர் அலுவலகம் என்னைக் கைகாட்டுகிறது. என் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

நாலாவது மாடியில் ஒரு பெண் நாள் முழுக்கச் சால்வை போர்த்தியபடி வேலை பார்க்கிறார். அதே தளத்தில் மேற்குக் கண்ணாடி ஓரம் மூன்று மணிக்கு மேல் உட்கார முடியாது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை. இதை யார் செய்ய வேண்டும்?

பதில்: பசுமைச் சான்றிதழ் ஆலோசகர், கோவை

சார், கையெழுத்துப் போட்டவருக்குத்தான் பொறுப்பு. கேட்டு எழுதும் வேலையை நீங்கள் செய்யலாம், ஆனால் அது உங்கள் வேலை என்பதையும், சரிசெய்யும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படிவத்தில் பெயர் கேட்கக் கூடாது. தளம், இருக்கை இருக்கும் பக்கம், எந்த நேரத்தில் சிரமம் என்பது போதும். புகார் வந்த இடத்தில் வெப்பநிலையோடு ஈரப்பதம், காற்று வேகத்தையும் அளந்து பாருங்கள்.

பதில்: ஏசி ஆபரேட்டர், 22 வருட அனுபவம்

அண்ணே, முதலில் தெர்மோஸ்டாட் (சூட்டை உணர்ந்து ஏசியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாடகைக்கு வருபவர்கள் தடுப்புச் சுவர் எழுப்பும்போது அது ஏதாவது ஒரு அறைக்குள் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். முன்பு நான் இருந்த கட்டடத்தில் இரண்டு தடவை படிவம் கொடுத்தோம், ஒன்றும் மாறவில்லை. மூன்றாவது தடவை ஒருவரும் நிரப்பவில்லை. அப்புறம் எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கேள்வி கேட்டவர்:

இன்று போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னதேதான், தம்பி! மீட்டிங் அறைக்குள் மாட்டியிருக்கிறது. பத்துப் பேர் உள்ளே உட்கார்ந்தால் அறை சூடாகிறது, உடனே வெளியே இருப்பவர்கள் மீதும் குளிர்காற்று கொட்டுகிறது. அந்தப் பெண்ணின் இருக்கை அதற்கு நேர் வெளியே. தெர்மோஸ்டாட் சென்சாரை இடம் மாற்ற வேண்டும். தடுப்பு போட்டது வாடகைதாரர் என்பதால் செலவு யாருடையது என்று உரிமையாளருக்கு எழுதியிருக்கிறேன். கருத்துக்கணிப்பையும் கடிதத்தின் நகலோடு அதிலேயே கேட்டுவிட்டேன். திங்கட்கிழமை நேரில் பார்க்கிறேன்.