சாரணர் வாரக் கூட்டம் முடிச்சுப் பகுதியில் நின்றுவிடுகிறது, யோசனை வேண்டும்

வணக்கம். மதுரை, அரசு உதவி பெறும் பள்ளி. 28 சாரணர்கள், அணிக்கு 7 பேர் வீதம் 4 அணிகள், வயது 10 முதல் 15. சனிக்கிழமை மாலை 4 முதல் 5.30 வரை கூட்டம். ஜூனிலிருந்து இதே சிக்கல்: கொடியேற்றம், விளையாட்டு வரை ஜோர். முடிச்சு ஆரம்பித்ததும் சின்னப் பையன்கள் திணறுகிறார்கள், துவிதிய சோபான் (சாரணர் பயிற்சியின் இரண்டாம் படி) பையன்கள் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு சும்மா நிற்கிறார்கள்.

செய்து பார்த்தவை: 15 நிமிடத்துக்கு ஒரு தளம் (ஒரு பயிற்சி நடக்கும் இடம்) என அணிகள் மாறி மாறிச் செல்லும் 4 தளச் சுழற்சி. முதலுதவித் தளம் 8 நிமிடத்தில் முடிகிறது, முடிச்சுக்கு 20 தாண்டுகிறது, வரிசை தேங்குகிறது. நிலை வாரியாகப் பிரித்தேன். அணி முறையே உடைந்தது, அதில் எனக்கு உடன்பாடில்லை. அணித் தலைவர்களைக் கற்றுத்தரச் சொன்னால், பொறுமையில்லாமல் தாங்களே கட்டிக் காட்டிவிடுகிறார்கள்.

கயிறும் மாற்றியாயிற்று. நைலானில் ஷீட் பெண்ட் (இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சு) வழுக்கியது. இப்போது 2 மீட்டர் பருத்திக் கயிறு, ஆளுக்கொன்று. ரீஃப் முடிச்சில் இரண்டாவது சுற்றையும் அதே பக்கமாகவே போட்டு கிரானி (எளிதில் நழுவும் தவறான முடிச்சு) ஆக்குவது மட்டும் நிற்கவில்லை.

அணியைப் பிரிக்காமல், ஒரே 20 நிமிடத்தில் பிரவேஷ் (தொடக்க நிலை) பையனுக்கும் துவிதிய சோபான் பையனுக்கும் வேலை இருக்கும்படி முடிச்சுப் பகுதியை எப்படி அமைக்கிறீர்கள்?