பழைய லிங்க்ல ரசம் திறக்குது, கொள்ளு ரசம் மட்டும் 404. ஏன்னே புரியல

ரசம்சாதம்:
வணக்கம் மக்களே, ரெண்டு நாளா மண்டை காயுது. அம்மா சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணி 2013ல இருந்து வேர்ட்பிரஸ்ல சமையல் குறிப்பு போட்டுட்டு வந்தேன், மொத்தம் 312. வருஷா வருஷம் ஹோஸ்டிங்குக்கு தண்டம் அழுறதுக்கு ஸ்டாட்டிக் சைட்டாவே (ரெடியா செஞ்சு வச்ச எச்டிஎம்எல் பக்கங்கள்) ஆக்கிடலாம்னு, அதைக் கட்டித் தர்ற ஹ்யூகோவுக்கு மாத்தி கிட்ஹப் பேஜஸ்ல ஏத்தியாச்சு, டொமைன் அதேதான். பழைய முகவரி /2016/03/கொள்ளு-ரசம்/ மாதிரி இருக்கும், புதுசுல தேதியை எல்லாம் தூக்கிட்டு இங்கிலீஷ் எழுத்துல சின்ன ஸ்லக் (முகவரியோட கடைசித் துண்டு) வச்சேன். பழைய லிங்க் உடையக்கூடாதுன்னு ஒவ்வொரு பதிவோட ஃப்ரன்ட் மேட்டர்லயும் (ஃபைல் தலையில இருக்கிற விவரம்) அலையஸ்ல, அதாவது இந்த முகவரிக்கு வந்தா இங்க அனுப்புன்னு சொல்ற இடத்துல, பழைய முகவரியை ஒரு ஸ்கிரிப்ட் எழுதி போட்டுட்டேன்.

இப்ப 241 ஒழுங்கா புதுப் பக்கத்துக்குப் போகுது. 71 போகல, 404, அதாவது பக்கமே இல்லன்னு வருது. மிளகு ரசம் ஓகே, தக்காளி ரசம் ஓகே, கொள்ளு ரசம் இல்ல. கோதுமை அல்வா இல்ல, வெண்பொங்கல் இல்ல. லேப்டாப்ல பில்ட் பண்ணி பைத்தான் சர்வர்ல ஓட்டிப் பார்த்தா எல்லாமே திறக்குது! அம்மா குடும்ப குரூப்ல பழைய லிங்க்கைத்தான் அனுப்புவாங்க, நேத்து பெரியம்மா "உன் மவன் கடையை மூடிட்டானா"ன்னு கேட்டுட்டாங்களாம். யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

நைட்ஷிப்ட்:
ப்ரோ சிம்பிள். 404 பக்கத்துல ரெண்டு வரி ஸ்கிரிப்ட் போட்டு எல்லாத்தையும் ஹோம்பேஜுக்கு தள்ளி விட்டுருங்க. முடிஞ்சது.

காலிப்ரேக்கெட்:
அத மட்டும் பண்ணாதீங்க தம்பி. கொள்ளு ரசம் தேடி வந்தவங்களை முகப்புல கொண்டு போய் நிறுத்தினா அவங்க அங்க என்ன பண்ணுவாங்க, திரும்பிப் போயிடுவாங்க. கூகுளும் அதை சாஃப்ட் 404ன்னு, அதாவது இல்லாத பக்கம்னு தான் எடுத்துக்கும், பழைய பக்கத்துக்கு இருந்த மதிப்பு ஒண்ணும் புதுசுக்கு வராது. எந்த 71ன்னு லிஸ்ட் போடுங்க முதல்ல, எல்லாம் வேணாம் ஒரு பத்து போதும்.

ரசம்சாதம்:
கொள்ளு ரசம், கோதுமை அல்வா, வெண்பொங்கல், தேங்காய் சோறு, மோர்க்குழம்பு, கொத்தமல்லி துவையல், பீர்க்கங்காய் தோல் துவையல், பொரிவிளங்காய் உருண்டை, சொதி, கத்தரிக்காய் கொத்சு.

இன்னொரு கூத்து, என் லிஸ்ட்ல இருக்கிற முகவரியை காப்பி பண்ணி பிரவுசர்ல ஒட்டினா திறக்குது, அதே லிங்க்கை வாட்ஸ்அப்ல இருந்து தட்டினா 404. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டேன், ஒரு புள்ளி கூட மாறல. அப்புறம் ஒரு சின்ன சந்தேகம், வேலை செய்யிற லிங்க்கை கர்ல்ல (சர்வர் தர்ற பதிலைப் பார்க்கிற கருவி) பார்த்தா 301, அதாவது நிரந்தரமா இடம் மாறிடுச்சுன்னு வரல, 200, பக்கம் இங்கயே இருக்குன்னு தான் வருது, அதுவும் தப்பா?

பின்கோடு627:
லிஸ்ட்டை வாய்விட்டு படிச்சுப் பாருங்க 😄 பத்துலயும் ஒரு ொ இல்லன்னா ோ இருக்கு. மிளகுலயும் தக்காளியிலயும் இல்ல.

காலிப்ரேக்கெட்:
பின்கோடு பிடிச்சுட்டாரு. தம்பி, யூனிகோட்ல கொ எழுத ரெண்டு வழி இருக்கு. க போட்டு பக்கத்துல ொ ஒரே குறியா வைக்கிறது ஒண்ணு, க போட்டு ெ தனியா ா தனியா ரெண்டு குறியா வைக்கிறது இன்னொண்ணு. கண்ணுக்கு ரெண்டும் கொ தான், ஃபான்ட் ஒரே மாதிரி வரைஞ்சுடும். ஆனா பைட் கணக்குல வேற வேற, லினக்ஸ் சர்வருக்கு அது ரெண்டு வேற ஃபோல்டர்.

நம்பலன்னா இப்படிப் பாருங்க. அட்ரஸ் பார்ல தமிழா தெரியிறதை நம்பாம ரெண்டு லிங்க்கையும் காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டுங்க, எல்லாம் % குறியா மாறி வரும். தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், அதாவது மூணு %. கொள்ளு-ரசம்ங்கிறதுல க, ொ, ள, ்‌, ள, ு, ர, ச, ம, ்‌ ன்னு பத்து குறி, அப்ப 30 % இருக்கணும். உங்க லிஸ்ட்ல உள்ளதுல எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க. அப்படியே மேக்கா வச்சிருக்கீங்க?

ரசம்சாதம்:
அண்ணா கைநடுங்குது. வாட்ஸ்அப் லிங்க்ல 30. என் லிஸ்ட்ல 33!!!

ஆமா மேக் தான். வேர்ட்பிரஸ்ல இருந்து எடுத்ததை 2014ல ஃபார்மட் பண்ணின ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்ல பிரிச்சுப் போட்டேன், பதிவு தலைப்பையே ஃபைல் பேரா வச்சேன், ஸ்கிரிப்ட் அந்த ஃபைல் பேரை எடுத்துத்தான் அலையஸ் எழுதுச்சு.

காலிப்ரேக்கெட்:
அதான் விஷயம். மேக்ல பழைய டிஸ்க் ஃபார்மட் ஃபைல் பேரை எழுதும்போதே இந்த மாதிரி எழுத்தை எல்லாம் பிரிச்சுத்தான் வைக்கும். ஃபைல் பேரை மட்டும் கிட்ல (கிட்ஹப்புக்கு ஏத்துற கருவி) ஏத்தியிருந்தா மேக்ல கிட் அதை திரும்ப ஒட்டிக் குடுத்திருக்கும், ஆனா நீங்க அதை ஃபைலுக்கு உள்ள டெக்ஸ்ட்டா எழுதிட்டீங்க, உள்ள இருக்கிறதுல கிட் கை வைக்காது. லேப்டாப்ல எல்லாம் திறந்ததுக்கும் அதான் காரணம், மேக் தேடும்போது ரெண்டு கொவையும் ஒண்ணுன்னு நினைச்சு எடுத்துக் குடுத்துடும். லினக்ஸ் அவ்வளவு தாராளம் கிடையாது.

பைத்தான்ல யூனிகோட்டேட்டான்னு கூடவே வர்ற மாட்யூல் இருக்கு, அதுல நார்மலைஸ்ங்கிற ஃபங்ஷனுக்கு என்எஃப்சின்னு குடுத்து அலையஸ் வரியை எல்லாம் ஒரு ஓட்டு ஓட்டுங்க, ஒட்டிடும்.

200 பத்தி கவலைப்படாதீங்க. கிட்ஹப் பேஜஸ்ல சர்வர் பக்கம் 301 குடுக்க வழி இல்ல, ஹ்யூகோ அலையஸ்னா பழைய முகவரியில ஒரு குட்டி எச்டிஎம்எல் வச்சு 0 செகண்ட்ல தள்ளி விடுறது தான், கேனானிக்கல் லிங்க்கும் (அசல் பக்கம் இதுன்னு கூகுளுக்குச் சொல்றது) அதுலயே இருக்கும். 0 செகண்ட்ல தள்ளினா கூகுள் நிரந்தர ரீடைரக்டாவே எடுத்துக்குது.

ரசம்சாதம்:
ஓட்டிட்டேன், கொள்ளு ரசம் வந்துருச்சு!! 71ல 59 சரி. மிச்சம் 12 இன்னும் 404. உதாரணத்துக்கு 'பாட்டி சொன்ன கல்யாண வீட்டு வத்தக்குழம்பு'. இதுல 'சொன்ன'ங்கிறதுல ொ இருந்துச்சு, அதை ஒட்டியும் வரல.

பின்கோடு627:
தலைப்பு எல்லாம் நீளமா? பழைய லிங்க்கை குரூப்ல தேடி முழுசா பாருங்க, வத்தக்குழம்பே இருக்காதுன்னு நினைக்கிறேன்.

ரசம்சாதம்:
அடப்பாவி ஆமா. பாட்டி-சொன்ன-கல்யாண-வீட் ன்னு பாதியில நிக்குது. பத்து வருஷமா இப்படியா இருந்துச்சு, நான் கவனிக்கவே இல்லையே.

பின்கோடு627:
வேர்ட்பிரஸ்ல ஸ்லக்குக்கு 200 எழுத்து தான் இடம், அதுவும் % போட்டு மாத்தின பிறகு. தமிழ்ல ஒரு குறிக்கு 9 எழுத்து போயிடும், அப்ப மொத்தம் 22 குறி தாண்டாது. இங்கிலீஷ் தலைப்புக்கு தாராளமா பத்தும், நமக்கு வீட்டுங்கிறதை கூட முடிக்க விடல. நீங்க தலைப்புல இருந்து முகவரியை திரும்பக் கட்டினதால தான் இந்த வம்பே. எக்ஸ்போர்ட் பண்ணின எக்ஸ்எம்எல்ல ஒவ்வொரு பதிவுக்கும் லிங்க்னு ஒரு டேக் இருக்கும், சைட் குடுத்த அசல் முகவரி அது, அதையே எடுத்து % குறியை எல்லாம் தமிழா மாத்தி அலையஸ்ல போடுங்க. முந்தி பண்ணின நார்மலைஸும் தேவைப்படாது, பழசுல எப்படி இருந்துச்சோ அப்படியே வந்துடும்.

காலிப்ரேக்கெட்:
+1. நான் குடுத்தது ஒட்டு வேலை தான், இது தான் சரி. போட்டதும் அந்த எக்ஸ்எம்எல் லிங்க் 312ஐயும் கர்ல்ல ஓட விட்டு 404 எத்தனைன்னு எண்ணிடுங்க. லேப்டாப்ல இல்ல, ஏத்தின சைட்ல. அது சரி, ஃபீட் (புதுப் பதிவை ரீடர் ஆப்புக்குத் தெரிவிக்கிற ஃபைல்) என்ன பண்ணீங்க? பழசு /feed/ ல இருந்திருக்கும், ஃபீட் ரீடருக்கு எச்டிஎம்எல் வச்சு தள்ளுறதெல்லாம் புரியாது, நிஜ 301 வேணும்.

ரசம்சாதம்:
ஃபீடை மறந்தே போயிட்டேன் அண்ணா. 301 வேணும்னா கிட்ஹப் பேஜஸை விட்டு மாறணுமா?

காலிப்ரேக்கெட்:
அதே ரெப்போவை (கிட்ஹப்ல இருக்கிற உங்க சைட் ஃபோல்டர்) நெட்லிஃபை இல்ல க்ளவுட்ஃப்ளேர் பேஜஸ்ல கோர்த்துடலாம், ரெண்டுமே இலவசமாவே போதும். ஸ்டாட்டிக் ஃபோல்டர்ல அண்டர்ஸ்கோர் போட்டு ரீடைரக்ட்ஸ்னு ஒரு ஃபைல், எக்ஸ்டென்ஷன் கிடையாது, ஒரு வரியில பழசு, ஸ்பேஸ், புதுசு, ஸ்பேஸ், 301. அந்த 301ஐ எழுதாம விட்டா நெட்லிஃபை 301னு எடுத்துக்கும், க்ளவுட்ஃப்ளேர் 302ன்னு எடுத்துக்கும், அதனால எங்க போனாலும் எழுதிடுங்க. மேல இருந்து கீழ படிச்சு முதல்ல பொருந்துறதை எடுக்கும், ஸ்டார் போட்ட வரியை (அந்த இடத்துல எது வந்தாலும் பொருந்துறது) கடைசியில வைங்க. க்ளவுட்ஃப்ளேர்ல சாதா வரி 2000, ஸ்டார் மாதிரி வரி 100 தான் வரம்பு, உங்க 312க்கு பிரச்சினை இல்ல. டெஸ்ட் பண்ணும்போது பிரவுசரை நம்பாதீங்க, தப்பா ஒரு 301 போட்டா அதையே பிடிச்சு வச்சுக்கும், கர்ல் இல்லன்னா இன்காக்னிட்டோ.

நைட்ஷிப்ட்:
ஹோம்பேஜ் ஐடியா வாபஸ். ஆனா அந்த சொதி லிங்க்கை இங்க போடுங்க ப்ரோ, காலையில இருந்து பட்டினி.

ரசம்சாதம்:
அப்டேட்: எக்ஸ்எம்எல்ல இருந்து எடுத்துப் போட்டு 312ஐயும் ஓட்டினேன், 404 ஒண்ணு. அது நானே 2015ல அழிச்ச பதிவுன்னு நினைச்சேன், அம்மாகிட்ட கேட்டா "அந்த மோர்க்குழம்பு அளவு தப்பு, நான் தான் எடுக்கச் சொன்னேன், டிராஃப்ட்ல வச்சிருப்ப"ங்கிறாங்க. இருந்துச்சு. அது 404ஆவே இருக்கட்டும். ஃபீடை ஞாயித்துக்கிழமை மாத்துறேன், சிக்கினா இங்கதான் வருவேன்.