ஆச்சி வீட்டு ஆள்க: மைனிக்கு ஒரு லேப்டாப்

பாளை மைனி, 9:12
ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில பழைய ஆபீஸ் லேப்டாப், லெனோவா திங்க்பேட் டி480, 18,500 சொல்லுதாங்க. 8 ஜிபி ராம், 256 எஸ்எஸ்டி. நமக்கு டாலில கணக்கு, ஜிஎஸ்டி ஃபைலிங், யுஎஸ்பியில குத்துற டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், இம்புட்டுதான். எடுக்கலாமா? சாயந்திரம் போயிப் பாக்கணும்.

தென்காசி தம்பி, 9:20
மைனி, ப்ராசஸர் எதுன்னு கேட்டியளா? டி480 2018-ல வந்த மாடல். அதுல 7-ம் தலைமுறையும் உண்டு, 8-ம் தலைமுறையும் உண்டு. மேல பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். 7200யு, 7300யு-ன்னா ரெண்டு கோர். 8250யு, 8350யு-ன்னா நாலு கோர். விண்டோஸ் 11-ம் முறைப்படி 8-லேருந்துதான் ஏறும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிட்டு.

பாளை மைனி, 9:23
ஐ5-ன்னு மட்டும்தான் சொன்னாரு

தென்காசி தம்பி, 9:23
அப்பிடித்தான் சொல்லுவாங்க 😀

பேட்டை மாமா, 9:31
ஏம்மா, ப்ராசஸர விட பூட்டுதான் முக்கியம். ஆன் பண்ணுனதும் எஃப்1-ஐத் தட்டிக்கிட்டே இரு, பயாஸ் திறக்கும், விண்டோஸுக்கு முன்ன வார அடிப்படை செட்டிங். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டா அங்கனயே வச்சிட்டு வந்திரு. உள்ள இருக்க சின்ன பேட்டரியக் கழத்துனா போயிரும்னு சொல்லுவாங்க. திங்க்பேட்ல போவாது, அது தனி சிப்புல இருக்கு. டெல் லாட்டிட்யூட் காட்டுனா எஃப்2, எச்பி எலைட்புக்குன்னா எஃப்10.

தென்காசி தம்பி, 9:36
இன்னொரு பூட்டு கண்ணுக்கே தெரியாது. பெரிய கம்பெனிங்க லேப்டாப்ப, இது எங்களுதுன்னு மைக்ரோசாஃப்ட்டோட ஆட்டோபைலட்ல பதிஞ்சு வச்சிருப்பாங்க. விக்கும்போது அதை எடுக்க மறந்திருவாங்க. கடையில நெட் இல்லாமலே விண்டோஸ் போட்டுக் குடுப்பாங்க, நல்லா ஓடும். பிறவு ஒருநாள் நீங்க ரீசெட் பண்ணும்போது ஏதோ கம்பெனி பேரப் போட்டு அவங்க மெயில் ஐடி கேட்டு நிக்கும். எஸ்எஸ்டிய மாத்துனாலும் தீராது, பதிவு போர்டோட சேந்தது. அதனால கடையிலயே முழுசா ரீசெட் பண்ணச் சொல்லி, உங்க ஃபோன் ஹாட்ஸ்பாட்டக் குடுத்து செட்டப்பத் தொடங்குங்க. கம்பெனி பேரு வரலன்னா சரி.

பாளை மைனி, 9:38
அதுக்கெல்லாம் விடுவாங்களா?

பேட்டை மாமா, 9:39
விடலன்னா வேற கடை. ரீசெட்டுக்கு நேரம் ஆவும், மதியமே ஃபோன் போட்டு ஆரம்பிச்சு வைக்கச் சொல்லிரு.

வண்ணாரப்பேட்டை சித்தப்பா, 9:47
இவ்வளவு பாடு எதுக்கு? கூட கொஞ்சம் போட்டா புதுசே வந்திருமே

பேட்டை மாமா, 9:55
வரும் தம்பி. ஆனா விலை கம்மியான புதுசுல கீல் பிளாஸ்டிக்கோட பிச்சிக்கிட்டு வரும். நிறைய மாடல்ல ராம போர்டோட பத்தவச்சிருப்பான். டி480-ல ராமுக்கு ரெண்டு ஸ்லாட். இப்ப 8 ஜிபி ஒரே ஸ்டிக்கா இருந்தா இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 போட்டா முடிஞ்சு, படம் காட்டுற வேகமும் கூடும். கீபோர்டுல தண்ணி கொட்டுனா அடிவழியா வடியறதுக்கு ஓட்டை வச்சிருக்கான். ஒவ்வொரு பாகத்தையும் எப்பிடிக் கழத்துறதுன்னு லெனோவாவே புத்தகம் போட்டு இலவசமா விட்டிருக்கு.

தென்காசி தம்பி, 9:58
டி480எஸ்-ன்னு எஸ் சேத்துச் சொன்னா அது வேற மைனி. அதுல ஒரு ஸ்லாட்டுதான். எக்ஸ்1 கார்பன்ல அதுவும் கிடையாது.

பாளை மைனி, 10:02
ஸ்க்ரீன்ல என்ன பாக்கணும்?

தென்காசி தம்பி, 10:06
டிஸ்ப்ளே செட்டிங்ல 1920 × 1080 இருக்கணும். 1366 × 768-ன்னா அந்த சவத்தை எடுக்காதீங்க. ஜிஎஸ்டி டேபிள்ல பாதிதான் தெரியும், கொஞ்சம் சாச்சுப் பாத்தா கலரே மாறிரும்.

பேட்டை மாமா, 10:15
பேட்டரி இதுல ரெண்டு. உள்ள 24 வாட் அவர், பின்னால கழத்துறது 24, 48, இல்ல 72. கமாண்ட் பிராம்ப்ட்ல பேட்டரி ரிப்போர்ட் எடு. ரெண்டுக்கும் டிசைன் கெப்பாசிட்டியும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியும் தனித்தனியா வரும். உள்ளது 24,000 மில்லிவாட் அவர் பக்கம் இருக்க வேண்டிய இடத்துல 14,000-க்குக் கீழ நின்னா விலையக் குறைக்கச் சொல்லு. டச்பேட் மேல தூக்கிக்கிட்டு இருந்தா பேட்டரி உப்பியிருக்கலாம், தொடாத. கரண்ட் ஷட்டவுன் அன்னைக்கு இந்த மாடல் கைகொடுக்கும்: உள் பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும், பின் பேட்டரிய நிறுத்தாமலே மாத்தலாம். மத்த நாள் லெனோவாவோட வான்டேஜ் ஆப்புல சார்ஜ் 80-ஓட நிக்கும்படி வை, ஷட்டவுனுக்கு முந்தின ராத்திரி 100 ஆக்கு.

தென்காசி தம்பி, 10:21
வாங்குன அன்னைக்கே தண்டர்போல்ட் ஃபர்ம்வேர், அதாவது டைப்-சி போர்ட்ட நடத்துற சிப்போட உள் சாஃப்ட்வேர், அதுக்கு அப்டேட் போட்டிருங்க. அந்தக் கால திங்க்பேட்ல பழைய ஃபர்ம்வேர் தன் மெமரி சிப்புல ஓயாம எழுதி எழுதி அதைக் கெடுத்திரும். டைப்-சி சார்ஜ் நின்னுபோவும், எச்டிஎம்ஐ-யும் வராது. கடையிலயே ரெண்டு டைப்-சியிலயும் சார்ஜர் குத்திப் பாருங்க. டோக்கன ரெண்டு சாதா யுஎஸ்பியிலயும் போட்டுப் பாருங்க. 20-ந் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடும்போது தெரிஞ்சா சங்கடம்.

பாளை மைனி, 10:24
சரி. டாலியில ஏதும் இடைஞ்சல் வருமா?

தென்காசி தம்பி, 10:29
வரும் 😄 திங்க்பேட்ல இடது மூலையில இருக்கது எஃப்என், கன்ட்ரோல் அதுக்கு அடுத்து. கன்ட்ரோல்-ஏ அடிச்சு வவுச்சர் சேவ் பண்ணப் போனா விரல் எஃப்என்-ல விழும். பயாஸ்ல கீபோர்டு பக்கம் போயி ரெண்டையும் மாத்திப் போடலாம். எஃப்8 அடிச்சா சேல்ஸ் வராம வேற ஏதாச்சும் வந்தா எஃப்என்-எஸ்கேப் ஒருதடவ அழுத்துங்க, பூட்டிக்கிடும்.

பாளை மைனி, 10:33
மாமா, 5 மணிக்கு நீங்களும் வாரியளா?

பேட்டை மாமா, 10:36
வாரேன். ஸ்க்ரூடிரைவர் கொண்டாரேன். திறக்குறதுக்கு முன்ன பயாஸ்ல உள் பேட்டரிய டிஸேபிள் பண்ணணும், அதை நான் பாத்துக்கிடுதேன். நீ டோக்கனும், ஹாட்ஸ்பாட்டுக்கு டேட்டாவும் எடுத்துக்கோ.

வண்ணாரப்பேட்டை சித்தப்பா, 10:37
அந்தக் கடை நம்பர எனக்கும் அனுப்பும்மா