வளவு சொந்தங்கள் குழு: அத்தையின் ரத்த ரிப்போர்ட்

பள்ளத்தூர் அத்தை: ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். கொழுப்பு சரியாக இருக்கிறதாம். ஹெச்எஸ் சிஆர்பி என்பதில் மட்டும் 7 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அது என்ன ஆத்தா?

காரைக்குடி அண்ணன்: சளி, காய்ச்சல் ஏதாவது இருந்ததா அத்தை?

பள்ளத்தூர் அத்தை: இல்லையப்பா. காலையில் விரல் மூட்டுதான் ஒரு மணி நேரம் மடங்குவதில்லை.

மதுரை ஆச்சி: சிஆர்பி கல்லீரல் சுரக்கிற புரதம் அத்தை. உடம்பில் எங்கே அழற்சி, அதாவது உள்ளே வீக்கமும் கொதிப்பும், இருந்தாலும் ஏறும். இதய விஷயத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது, 3-க்கு மேல் போனால் ஆபத்து கூடுதல். 10-ஐத் தாண்டினால் தொற்றாக இருக்கலாம், இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். மூட்டில் அழற்சி உண்டாக்கும் உங்கள் முடக்குவாதத்துக்கு மாத்திரை போடுகிறீர்கள்தானே?

பள்ளத்தூர் அத்தை: பிள்ளையார் நோன்புக்கு முன்பே நிறுத்திவிட்டேன். வலி குறைந்துவிட்டது. வாரம் ஒரு நாள்தான், ஆனாலும் வயிற்றைப் புரட்டுகிறது.

மதுரை ஆச்சி: அதைச் சொல்லவே இல்லையே அத்தை. பிபி எவ்வளவு?

பள்ளத்தூர் அத்தை: 164/68. கீழ் எண் இறங்கியிருக்கிறது, நல்லதுதானே?

மதுரை ஆச்சி: இல்லை அத்தை. எனக்குக் கவலையே அதுதான். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்தான் பெருந்தமனி. அதன் சுவரில் எலாஸ்டின் என்ற நார் இருக்கிறது. இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது விரிந்துகொடுக்கும், அடுத்த நொடி சுருங்கி ரத்தத்தை முன்னே தள்ளும். அழற்சி நாள்பட்டால் அந்த நார் அறுபடும், கொலாஜன் என்ற விறைப்பான நார் கூடும். தமனியைத் தளர்த்தி வைக்கிற நைட்ரிக் ஆக்சைடும் குறையும். வெயிலில் கிடந்த தோட்டத்து ஓஸ் விறைத்துப் போகுமே, அப்படி. அதனால்தான் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். வயதும் இதைச் செய்யும். மூட்டில் கனலும் அழற்சி சீக்கிரமே செய்துவிடும்.

தேவகோட்டை சித்தப்பா: மஞ்சள் பால் குடித்தால் அந்த 7 இறங்காதா?

மதுரை ஆச்சி: அந்த எண் புகை மாதிரி சித்தப்பா. மரபணு ஆய்வுகளைப் பார்த்தால் சிஆர்பியே தமனியைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. மேலே இருந்து அதைக் கிளப்பிவிடுகிற இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள்தான் காரணம். நெருப்பு மூட்டில் இருக்கிறது, அங்கேதான் அணைக்க வேண்டும்.

காரைக்குடி அண்ணன்: கொழுப்பு சரியாக இருந்தாலுமா?

மதுரை ஆச்சி: ஆமாம் அண்ணே. 2017-இல் கேன்டோஸ் என்ற ஆய்வு வந்தது. மாரடைப்பு வந்து, சிஆர்பியும் கூடியிருந்த பத்தாயிரம் பேர். கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி போட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்த்து சுமார் 15 சதவீதம் குறைந்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்று சிலருக்குக் கூடியதால் அந்த ஊசியை இதற்கு எல்லோருக்கும் போடுவதில்லை. முடக்குவாதக்காரர்களுக்கு மூட்டு அழற்சியை அடக்கினபோது தமனி விறைப்பு தளர்ந்ததையும் பார்த்திருக்கிறார்கள்.

பள்ளத்தூர் அத்தை: வலி போனால் நோயும் போய்விட்டது என்று இருந்துவிட்டேன் ஆத்தா. மிச்ச மாத்திரை இருக்கிறது. இன்றே போடட்டுமா?

மதுரை ஆச்சி: வேண்டாம் அத்தை, நீங்களாகப் போடாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள், கல்லீரல் சோதனையும் பார்ப்பார். வயிற்றைப் புரட்டுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதற்கு ஃபோலிக் அமில மாத்திரை, வேறு மருந்து என்று வழி இருக்கிறது.

காரைக்குடி அண்ணன்: செவ்வாய் காலை 8 மணிக்கு வண்டியோடு வருகிறேன் அத்தை. பழைய சீட்டையும் பிபி நோட்டையும் எடுத்து வையுங்கள்.

பள்ளத்தூர் அத்தை: சரியப்பா. நோட்டு இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கிறது. இப்போதே எடுத்து வைக்கிறேன்.