முகத்தில் வைத்த நூலால் கன்னத்தில் விழுந்த குழி: ஆலோசனை தேவை

கும்பகோணத்தில் வசிக்கும் என் அக்காவுக்கு வயது 54. சர்க்கரை நோய்க்காக உடல் எடையைக் குறைத்தபின் தாடையோரத் தோல் தளர்ந்து தொங்கியதால், ஆவணி மாதம் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில், தொங்கும் தோலைத் தூக்கிப் பிடிக்கும் முள்நூல்களை (சிறு முட்கள் கொண்ட, பி.டி.ஓ. என்னும் தானே கரையும் பொருளாலான நூல்கள்) இரு கன்னங்களிலும் தோலுக்கடியில் செலுத்திக்கொண்டார். வலக்கன்னம் நன்றாக ஆறிவிட்டது. இடக்கன்னத்திலோ, வாயோரத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, சிரிக்கும்போதும் மெல்லும்போதும் தோல் உள்ளிழுத்துக் குழி விழுகிறது. தடவினால் நூலின் முனை அரிசிக் குருணைபோல் தட்டுப்படுகிறது. சிவப்போ சீழோ காய்ச்சலோ இல்லை. சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது.

சிகிச்சை அளித்தவர் கற்றுக்கொடுத்தபடியே மென்மையாக நீவிப் பார்த்தோம். கார்த்திகை பிறந்தும் மாற்றமில்லை. நூல் கரைய ஏறக்குறைய 6 மாதங்கள் ஆகும், அதுவரை பொறுங்கள் என்கிறார் அவர். தஞ்சாவூரில் பார்த்த தோல் மருத்துவரோ, நூலைச் சுற்றித் தழும்புத் திசு படிந்துவிட்டால் அது கரைந்த பின்பும் குழி நிற்கக்கூடும் என்கிறார். அதே இடத்தில் தோலை இறுக்கும் ஹைஃபு எனப்படும் மீயொலி சிகிச்சை செய்யலாம் என்று உறவினர் சொன்னதை நான் ஏற்கவில்லை. சிக்கியிருக்கும் நூலை அது விடுவிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்கா கல்யாண வீடுகளுக்குப் போவதையே தவிர்க்கிறார் என்பதுதான் மிகவும் வருத்துகிறது.

நூல் கரையும்வரை காத்திருப்பதா, அல்லது தஞ்சாவூர், திருச்சி வட்டாரத்தில் இத்தகைய நூலை எடுத்து அனுபவமுள்ள பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் ஒருவரை இப்போதே அணுகுவதா?