கொழும்பில் குடியேறியாச்சு, ஊர்க் காரியங்களில் எப்படிச் சேர்வது?

போன வாரம் இங்கே ஒரு தங்கை கேட்டிருந்தார்: "மதுரையில் இருந்து வந்து நாலு மாசம் ஆச்சு அக்கா, வெள்ளவத்தையில் ஃபிளாட், அவர் காலையில் போனால் ராத்திரிதான் வருகிறார், எனக்கு எதிலாவது கலந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது, அரசாங்கத் திட்டமோ கோயில் காரியமோ, எங்கே போய்க் கேட்பது என்றே தெரியவில்லை." பதில் நீளும் என்பதால் தனி இழையாகவே போடுகிறேன். எனக்குத் திருநெல்வேலி. இங்கே வந்து ஏழு வருஷம், கணவரின் வதிவிட விசாவைச் சார்ந்து இருக்கிறேன். ஆகவே கீழே இருப்பது அப்படி வந்தவர்களுக்குத்தான் முதலில் பொருந்தும்.

மூடிய கதவுகளை முதலிலேயே சொல்லிவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம். வாக்கு இந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும், எத்தனை வருஷம் இருந்தாலும் சரி. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் குடிமக்களுக்குத்தான், நம் ஊரில் ஆர்.டி.ஐ. போட்டுப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தில் மனு எழுத வேண்டாம். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. விசாவில் குறிப்பிட்ட வேலையைத் தவிர வேறு வேலை செய்யக்கூடாது, அது சம்பளத்துக்காக இருந்தாலும் சும்மா செய்தாலும். "சும்மாதானே உதவுகிறேன்" என்பது இங்கே பதில் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவாரோடு சேர்ந்து குப்பை பொறுக்குவதை யாரும் வேலை என்று கணக்கில் எடுக்கப்போவதில்லை. ஆனால் ஒரு தொண்டு நிறுவனம் உங்களுக்கு மேசை, நேர அட்டவணை, கழுத்தில் தொங்க ஒரு அட்டை எல்லாம் தருகிறது என்றால், பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள்.

சரி, திறந்த கதவுகளுக்கு வருவோம்.

நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி இங்கே கிராம உத்தியோகத்தர். பட்டணத்தின் நடுவில் கிராமம் எங்கே என்று சிரிக்காதீர்கள், கொழும்பு முழுவதும் இப்படித்தான் பிரிந்திருக்கிறது. சனங்கள் வாயில் அவர் ஜி.எஸ். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி எல்லாம் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தின் கீழ், கொட்டாஞ்சேனை, மட்டக்குளி எல்லாம் கொழும்பு பிரதேச செயலகத்தின் கீழ். உங்கள் பிரிவு எது என்று வீட்டுக்காரரையோ கீழ்க்கடை அண்ணாச்சியையோ கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தத்தின் நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒருமுறை போய் அறிமுகமாகிவிடுங்கள். போகுமுன் நாள் பார்த்துப் போங்கள், அவர் பாதி நாள் வெளியில்தான் சுற்றிக்கொண்டிருப்பார். அறிமுகத்தால் என்ன லாபம் என்றால், தெருவில் சிரமதானமோ (ஊரார் கூடிச் செய்யும் இலவச உழைப்பு) மருத்துவ முகாமோ டெங்கு ஒழிப்பு வாரமோ எது நடந்தாலும் அந்தச் செய்தி அவர் வழியாகத்தான் இறங்கி வரும். 2025 ஜனவரியில் தொடங்கிய க்ளீன் ஸ்ரீலங்கா என்ற அரசாங்கத் திட்டத்தின் வேலைகளும் எங்கள் ஒழுங்கைக்கு, அதாவது சந்துக்கு, அப்படித்தான் வந்தன.

மொழி பற்றிப் பயப்பட வேண்டாம். 1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இங்கே அரச கரும மொழி, படிவத்தைத் தமிழில் கேட்க உங்களுக்குத் தயக்கமே வேண்டாம். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் வருமா என்பது வேறு விஷயம். எந்தக் காரியத்துக்கு எந்த அலுவலகம் என்று குழம்பினால் 1919க்கு அழையுங்கள், அரசாங்கத் தகவல் நிலையம், தமிழிலும் பேசுவார்கள். நாலு வார்த்தை சிங்களம் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டம்மா ஃபோனில் எப்போதும் "ஹரி ஹரி" என்று சொல்வதைக் கேட்டு, என்ன பக்தி என்று வியந்திருக்கிறேன். "சரி சரி" என்பதுதான் அது.

இப்போது நான் நிஜமாகவே உள்ளே வந்த கதை. இங்கே கொசுவுக்கு நுளம்பு என்று பெயர். முதல் வருஷம் ஒருநாள் காலை பத்து மணிக்கு மேல்மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அன்ரி கதவைத் தட்டி, "பிள்ளை, நுளம்பு பார்க்கிற ஆக்கள் வந்திருக்கினம், கதவைத் திறவுங்கோ" என்றார். பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கூடவே இரண்டு பேர், கையில் டார்ச். நான் பெருமையாகப் பால்கனியைக் காட்டினேன், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, துடைத்து வைத்திருந்தேன். அவர் பால்கனி பக்கமே போகவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜை ஒரு சாண் முன்னால் இழுத்தார். பின்னால் கீழே ஒரு தட்டு இருக்கும், உறைபனி உருகி வடிகிற தண்ணீர் அதில்தான் சேரும். டார்ச் அடித்தால் குட்டிக் குட்டியாக, கமா போட்ட மாதிரி, நுளம்புப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அன்ரி வேறு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

2007ஆம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி இதற்கு வழக்கே போடலாம். என்னை எச்சரிக்கையோடு விட்டார்கள். வெட்கத்தில் நான் "அடுத்த முறை வரும்போது நானும் கூட வரட்டுமா, தமிழ் வீடுகளில் பேசிக் கொடுக்கிறேன்" என்று வாய்விட்டுவிட்டேன். பிடித்துக்கொண்டார்கள். 2017இல் நாடு முழுக்க ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு டெங்கு வந்தது, அந்த வருஷத்தைப் பற்றி அன்ரி இன்னும் பேசுவார். ஜூன், ஜூலையிலும் வருஷக் கடைசியிலும் மழையோடு அது ஏறும், அப்போது வீடு வீடாகப் போக அவர்களுக்கு ஆள் போதாது. கதவைத் திறக்க மறுக்கும் வீட்டில் தமிழில் ஒரு பெண் குரல் கேட்டால் திறக்கிறார்கள். இதைவிட எளிதான நுழைவாயில் எனக்குத் தெரியாது. உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் போய் "கூட வருகிறேன்" என்று சொன்னால் போதும். அதற்கு முன் உங்கள் ஃபிரிட்ஜ் தட்டைப் பார்த்துவிடுங்கள், பட்டவள் சொல்கிறேன்.

குப்பை பிரிப்பதும் இதே கணக்குதான். உக்குவது (நாம் மக்குவது என்போம்) வேறு, உக்காதது வேறு. மீதொட்டமுல்ல குப்பைமேடு 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு இந்த ஊர் குப்பையை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் கலந்து வைத்தால் வண்டிக்காரர் வாசலிலேயே விட்டுவிட்டுப் போவார், தெரு முழுக்க அது யார் வீட்டுப் பை என்று தெரிந்துவிடும்.

அடுத்தது தன்சல். வெசாக் என்ற பௌத்தப் பண்டிகை நாட்களில் வழிப்போக்கர் எல்லாருக்கும் சாப்பாடோ குடிக்க ஏதாவதோ இலவசமாகக் கொடுப்பது. நம் அன்னதானத்தில் பந்தியில் உட்கார வைப்போம், இங்கே கொடியை ஆட்டி வண்டியையே நிறுத்துவார்கள், பஸ்ஸே நிற்கும். பௌத்தர்களின் புண்ணியக் காரியம்தான், ஆனால் வரிசையில் நிற்பவரிடமோ பரிமாறுபவரிடமோ மதம் கேட்கிற வழக்கம் இல்லை. எங்கள் ஒழுங்கையில் மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பல் என்ற மிளகாய்ச் சம்பலும். விடியற்காலை நாலு மணிக்குக் கிழங்கு உரிக்க உட்கார்ந்தோம், நாலு சிங்கள அக்காமார், அன்ரி, ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண், நான். தேங்காய் திருவுவதில் நான் மெதுவாம், அதைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள். அந்த ஒரு விடியற்காலைக்குப் பிறகு தெருவில் என்னை "இந்தியாக்காரி" என்று யாரும் குறிப்பிடவில்லை, பெயர் வந்துவிட்டது. தன்சல் போடுவதானால் சுகாதார அலுவலகத்தில் முன்பே பதிவு செய்ய வேண்டும், தண்ணீர் எங்கிருந்து என்றெல்லாம் பார்ப்பார்கள். நீங்களாகத் தனியாக ஆரம்பிக்காமல், இருப்பதில் போய்ச் சேருங்கள்.

இரத்ததானம்: நாரஹேன்பிட்டியில் தேசிய இரத்த மாற்றுச் சேவை இருக்கிறது, விகாரைகளிலும் கோயில்களிலும் அடிக்கடி முகாம் போடுவார்கள். இங்கே இரத்தத்துக்குப் பணம் கிடையாது, முழுக்கத் தானம்தான். ஒருமுறை கொடுத்தால் நாலு மாசம் இடைவெளி வேண்டும். நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது, அதைக் காப்பாற்றுவதில் இவர்கள் கண்ணும் கருத்துமாக இருக்கிறார்கள். இந்தியாவுக்கு எப்போது போய் வந்தீர்கள் என்று கேட்பார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்த கையோடு நான் ஒரு முகாமில் போய் நின்றேன், சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்கள், ஆனால் பிஸ்கட்டும் பிளேன்டீயும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். மறைக்காமல் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

தமிழ்க் காரியம் என்றால் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம், 1942இல் தொடங்கியது. நூலகம் இருக்கிறது, கூட்டங்களுக்குப் போய் உட்கார எந்த அட்டையும் வேண்டாம். போனவுடன் மேடை தேடாதீர்கள். நாற்காலி எடுத்துப் போட ஆள் தேவை எப்போதும் இருக்கும். வெள்ளவத்தையிலேயே இராமகிருஷ்ண மிஷனும் இருக்கிறது. ஆடிவேல் விழாவுக்குச் செட்டியார் தெருவில் இருந்து தேர் புறப்படும்போது ஒருமுறை கூடவே நடந்து பாருங்கள்.

ஒன்று மட்டும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். இங்கே உள்ள தமிழர்களிடம் போர் பற்றி நாமாக ஆரம்பிக்கக் கூடாது. "உங்களுக்காக நாங்கள் அங்கே எவ்வளவு துடித்தோம் தெரியுமா" என்று வந்த புதிதில் அன்ரியிடம் நான் ஆரம்பித்தேன். அவர் "ஓம் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்து போனார். மூன்று வருஷம் கழித்து அவராகவே, தன் தம்பியைப் பற்றி, ஒரு கார்த்திகை மாத மழையில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தேன்.

கீழே வந்த கேள்விகளுக்கு:

அப்பார்ட்மென்ட் சங்கத்தில் சேரலாமா என்று கேட்ட தம்பிக்கு: மாடிவீட்டு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உரிமையாளர்களுக்கானது, வாடகைக்கு இருப்பவருக்கு அதில் வாக்கு இல்லை. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அவர் சார்பில் போக எழுத்தில் அனுமதி வாங்கப் பாருங்கள். லிஃப்ட் சண்டையில் சிக்கிக்கொண்டால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

கனடாவில் இருந்து திரும்பி வந்த அண்ணாவுக்கு: உங்களிடம் இரட்டைக் குடியுரிமை இருந்தால் மேலே மூடிய கதவு என்று சொன்ன முதல் இரண்டும் உங்களுக்குத் திறந்தவை. வாக்காளர் இடாப்பில் பெயர் பதிய ஜி.எஸ்.ஸைத்தான் பிடிக்க வேண்டும்.

அம்மா மூன்று மாசம் வந்து தங்கப் போகிறார், பொழுது எப்படிப் போகும் என்று கேட்டவருக்கு: காலையில் கோயில், நாலு மணிக்குச் சங்கத்து நூலகம். மிச்சத்தை அம்மாவே பார்த்துக்கொள்வார். என் அம்மா பத்து நாளில் எனக்குத் தெரியாத ஆறு வீடுகளுக்குப் போய் வந்துவிட்டார்.

வெள்ள நேரத்தில் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் களனி கங்கை பெருகியபோது நாங்கள் உலர் உணவுப் பொதி கட்டினோம். அன்றைக்குப் படித்த பாடம், சமைத்த சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள். ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஐந்து இடத்தில் இருந்து சோறு வரும், குடிதண்ணீரும் சானிட்டரி நாப்கினும் குழந்தைப் பால்மாவும் வராது. அந்தப் பகுதி ஜி.எஸ்.ஸிடமோ பிரதேச செயலகத்திலோ என்ன குறைகிறது என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். ஆபத்து நேரத்துக்கு 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1990 இலவச ஆம்புலன்ஸ். அந்த ஆம்புலன்ஸ் சேவை 2016இல் இந்தியா கொடுத்த நன்கொடையில் தொடங்கியது என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை.

கேள்வி கேட்ட தங்கைக்கு: வரும் ஞாயிறு நாங்கள் ஏழெட்டுப் பேர் மரைன் டிரைவ் பக்கம் கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகிறோம். காலை ஆறரைக்கு வந்தால் நல்லது, ஒன்பதுக்கு மேல் வெயில் தாங்காது. தடித்த கையுறை, தொப்பி, தண்ணீர், பழைய செருப்பு இல்லாமல் மூடிய காலணி. ரயில் பாதையைத் தாண்டித்தான் இறங்க வேண்டும், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாண்டுங்கள், கடல் இரைச்சலில் ரயில் சத்தம் காதில் விழாது. அன்ரியும் வருகிறார், அவருக்கு எழுபத்தொன்று. முடிந்ததும் இடியாப்பமும் சொதியும் அவர் வீட்டில்.